அந்த நான்கு தந்திகளைக் கழற்ற வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய இசைக்கருவிகளைச் சேகரிப்பவர்கள் பற்றிச் சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். மாண்டலினைப் பற்றித் தமிழில் யாராவது எழுதுவதே அபூர்வம். அதற்கு அரைப்பக்கம் ஒதுக்கியதற்கு முதலில் என் நன்றி. ஆனால் கூடவே வெளியான படத்தையும் அதன் கீழிருந்த வரிகளையும் பார்த்ததிலிருந்து மனம் நிலைகொள்ளவில்லை. காலைத் தபாலிலேயே சேர்த்துவிட வேண்டும் என்று இன்றிரவே உட்கார்ந்து எழுதுகிறேன்.

'நேப்பிள்ஸ் நகரத்து அரிய மாண்டலின்' என்று போட்டிருந்தீர்கள். படத்தில் இருப்பது இத்தாலியின் மாண்டலினே அல்ல, ஸ்பெயின் நாட்டுப் பந்துரியா என்ற தந்திக்கருவி. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். தலைப்பகுதியில் பக்கத்துக்கு ஆறாக மொத்தம் பன்னிரண்டு முறுக்காணிகள். கழுத்து குட்டை. பக்கவாட்டில் எடுத்த சின்னப் படத்தில் முதுகு தட்டையாக இருப்பது தெரிகிறது. மாண்டலினுக்கு எட்டுத் தந்திகள், இரண்டிரண்டாக நான்கு ஜோடி. வயலினைப் போலவே ஜி, டி, ஏ, இ என்று சுருதி கூட்டுவார்கள். அதாவது ஒரு ஜோடிக்கும் அடுத்த ஜோடிக்கும் ச–ப இடைவெளி. பந்துரியாவில் ஆறு ஜோடி, ஒவ்வொன்றுக்கும் இடையே ச–ம இடைவெளி. பன்னிரண்டு தந்தி வைத்த மாண்டலினும் உண்டே என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்கலாம். உண்டு. ஆனால் அதில் மும்மூன்றாக நான்கு கட்டுகள் இருக்கும். உங்கள் படத்தில் குதிரையின் மேல், அதாவது தந்திகளைத் தாங்கும் சின்ன மரக்கட்டையின் மேல், தந்திகள் இரண்டிரண்டாகவே ஓடுகின்றன.

வெறும் பெயர்ப் பிழை என்றால் சிரமம் எடுத்து எழுதியிருக்க மாட்டேன். கட்டுரையின் கடைசிப் பத்தியில், கருவியின் சொந்தக்காரர் அதைப் பட்டறைக்குக் கொடுத்து 'அதிகப்படியாக உள்ள நான்கு தந்திகளை' நீக்கி, தந்தி படியும் பள்ளங்களை எட்டாக வெட்டி, மெருகேற்றி, புது மாண்டலின் தந்தி போடப் போவதாக இருக்கிறது. தயவுசெய்து அவரைத் தொலைபேசியில் கூப்பிட்டு நிறுத்தச் சொல்லுங்கள். அவரிடம் இருப்பது முழுமையான ஒரு பந்துரியா. பட்டறையிலிருந்து திரும்பி வரும்போது அது பந்துரியாவாகவும் இருக்காது, மாண்டலினாகவும் இருக்காது.

இந்தக் குழப்பம் அவரிடம் தொடங்கியதும் அல்ல. 1880இல் 'ஸ்பானிய மாணவர்கள்' என்ற பெயரோடு ஓர் இசைக்குழு ஸ்பெயினிலிருந்து நியூயார்க்கில் போய் இறங்கியது. அவர்கள் வாசித்தது பந்துரியா. ஜனங்கள் சொக்கிப் போனார்கள். அந்த வரவேற்பைப் பார்த்து, கார்லோ கர்ட்டி என்பவர் அங்கேயே இருந்த இத்தாலிய வித்வான்களைத் திரட்டி, ஸ்பானிய உடை மாட்டி, கையில் மாண்டலினைக் கொடுத்து மேடையேற்றினார். கேட்டவர்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை. அமெரிக்காவில் அதன்பின் நாற்பது ஆண்டுகளுக்கு அடித்த மாண்டலின் அலைக்கு அந்த ஆள்மாறாட்டமும் ஒரு காரணம். நாம் இன்று தேடித் திரியும் விசித்திரமான பழைய மாண்டலின்களில் பெரும்பாலானவை அந்த நாற்பது ஆண்டுகளில் பிறந்தவை.

எனக்கு வயது அறுபத்து மூன்று. பள்ளிக்கூட நாளிலிருந்து மாண்டலின் வாசிக்கிறேன். முப்பது வருடமாகச் சேகரிக்கிறேன், இப்போது வீட்டில் பதினான்கு இருக்கின்றன. கட்டுரை தந்த இரண்டு ஆலோசனைகளையும், அதாவது 'உள்ளே லேபிளைப் பாருங்கள், ஊர் தெரிந்துவிடும்', 'வாங்கியதும் நன்றாகச் சுத்தம் செய்து புதுப்பியுங்கள்' என்ற இரண்டையும் ஒரு காலத்தில் நானும் அப்படியே பின்பற்றினேன். அதில் இழந்ததைச் சொல்கிறேன்.

எனக்கு மாண்டலின் சொல்லிக்கொடுத்த ஆசிரியர் காலமானபின் அவருடைய மனைவி அவர் வாசித்த கருவியை என்னிடம் தந்தார். வீணைக் குடம் போல உருண்ட முதுகு. மெல்லிய மரப்பட்டைகளை வளைத்து ஒட்டிய குடம், எண்ணினால் இருபத்தொரு பட்டை. ஒலித்துளைக்குக் கீழே கிளிஞ்சலில் பதித்த பட்டாம்பூச்சி. உள்ளே நேப்பிள்ஸ் முகவரியோடு ஒரு லேபிள். போதாதா? நேப்பிள்ஸ் கருவி என்றே நம்பினேன். ஆசிரியருக்குச் செய்யும் மரியாதை என்று நினைத்து ஒரு பட்டறையில் கொடுத்தேன். பழைய வார்னிஷை உப்புத்தாள் போட்டு எடுத்துவிட்டார்கள். துருப்பிடித்த முறுக்காணித் தகடுகளை வீசிவிட்டுப் பளபளவென்று புதியவை மாட்டினார்கள். இக்காலத்துத் தடிமனான தந்திகளை ஏற்றினார்கள். கையில் வாங்கியபோது கண்ணாடிபோல மின்னியது. எட்டு மாதத்தில் குதிரைக்கு அடியில் மேல்பலகை குழிந்துவிட்டது. கழுத்து முன்னால் இழுத்துக்கொண்டு வந்தது.

பிறகு பொறுமையான ஒரு கைவினைஞர் மேல்பலகையைத் திறந்தார். நானும் பக்கத்தில் இருந்தேன். லேபிளின் ஒரு மூலை ஈரத்தில் எழும்பியது. அதன் அடியில் இன்னொரு காகிதம் கிழிக்கப்பட்ட தடம், வேறு அளவில், வேறு நிறத்துப் பசைக்கோட்டோடு. குடத்தின் உட்புறம் பட்டைக்குப் பட்டை இணைப்பை இறுக்கக் காகித நாடா ஒட்டுவது வழக்கம். அந்த நாடாக்களில் அச்செழுத்து தெரிந்தது. விளக்கைச் சாய்த்துப் பிடித்தோம். கோதிக் எழுத்தில் ஜெர்மன் சொற்கள். ஜெர்மனியின் சாக்சனியில் மார்க்நாய்கிர்ஷன், கிளிங்கன்டால் பக்கத்தில் அந்தக் காலத்தில் வீட்டுக்கு வீடு இசைக்கருவி செய்து உலகம் முழுக்க அனுப்பினார்கள். என் ஆசிரியரின் கருவி அங்கே பிறந்து, யாரோ ஒரு வியாபாரியிடம் நேப்பிள்ஸ் சட்டை போட்டுக்கொண்டிருக்கலாம். காகிதம் மட்டுமே சாட்சியாகாது. பழைய தகடுகள் இருந்திருந்தால், அவற்றின் வேலைப்பாட்டையும் பின்புறத்து முத்திரையையும் வைத்து மேற்கொண்டு தேடியிருக்கலாம். அவை பழைய இரும்போடு போய்விட்டன. வார்னிஷும் போய்விட்டது. இருபத்தைந்து வருடம் அவர் மடியில் இருந்த கருவி எங்கே செய்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. சாட்சிகளை அழித்தவள் நான்தான்.

அதனால்தான் லேபிளைக் கடைசியில் பாருங்கள் என்கிறேன். லேபிள் ஒட்டியவர் கருவியைச் செய்தவராக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. இறக்குமதியாளரும் ஒட்டுவார், கடைக்காரரும் ஒட்டுவார். சிகாகோவில் கார்ல், ஆகஸ்ட் என்ற லார்சன் சகோதரர்கள் செய்த கருவிகளில் அவர்கள் பெயரைத் தேடினால் கிடைக்காது. டயர், ஸ்டால் என்று விற்றவர்களின் பெயர்களே இருக்கும். அமெரிக்காவின் கிப்ஸன் கம்பெனி செய்த சில மாண்டலின்கள் 'கலமசூ', 'ரெக்கார்டிங் கிங்', 'க்ராம்வெல்' என்ற பெயர்களில் போயின. லேபிளில் காப்புரிமைத் தேதி இருந்தால் அதையே பிறந்த வருடம் என்று எழுதிக்கொள்கிறார்கள். அந்தக் கருவி அந்தத் தேதிக்கு முன்னால் செய்ததல்ல என்பதை மட்டுமே அது சொல்லும். பத்து வருடம் கழித்தும் அதே தேதியைக் குத்தியிருப்பார்கள். நாட்டின் பெயர் இருந்தால் அதற்கும் ஒரு பயன் உண்டு. 1890இல் அமெரிக்கா கொண்டுவந்த மெக்கின்லி சுங்கவரிச் சட்டம், அங்கே இறக்குமதியாகும் பொருளில் அது செய்யப்பட்ட நாட்டின் பெயரைக் குறிக்கச் சொன்னது. ஆகவே 'இத்தாலி' என்று ஆங்கிலத்தில் அச்சிட்ட லேபிளோடு ஒரு கருவியை '1850ஆம் வருடத்தது' என்று யாராவது நீட்டினால் நான் இரண்டாவது தடவை யோசிப்பேன்.

முதலில் பார்க்க வேண்டியது உடம்பை. நேப்பிள்ஸ் வகையில் மேல்பலகை குதிரைக்குப் பின்னால் லேசாக மடிந்து கீழிறங்கும். குதிரை ஒட்டப்படாமல் தந்தியின் அழுத்தத்திலேயே நிற்கும், தந்திகள் அதைத் தாண்டிப் போய் அடிப்புறத்தில் மாட்டிக்கொள்ளும். மிலான் வகையில் குதிரை பலகையோடு ஒட்டியிருக்கும், பெரும்பாலும் ஜோடிகள் இல்லாமல் ஆறு ஒற்றை நரம்புத் தந்திகள். ரோம் நகரில் லூயிஜி எம்பெர்கர் (1856–1943) செய்தவை வேறு தினுசு. கழுத்து ஒடுக்கம், விரல்பலகை லேசாக வளைந்தது. ஒருமுறை கையில் பிடித்தவர் மறக்க மாட்டார். பட்டைகள் அதிகமாக இருந்தால் உசத்தி என்றொரு நம்பிக்கை இருக்கிறது. வேலைக்காரரின் பொறுமைக்கு அது சான்று. நாதத்துக்கு அல்ல.

அமெரிக்கர்கள் இந்தக் குடத்தை உருளைக்கிழங்கு வண்டு என்று கேலியாக அழைத்தார்கள். வரிவரியான அந்த முதுகைப் பார்த்தால் ஏன் என்று புரியும். கலமசூ நகரத்தில் ஆர்வில் கிப்ஸன் அதை அறவே விட்டுவிட்டு, வயலினைப் போல மரத்தைக் குடைந்து மேலும் கீழும் செதுக்கி ஒரு மாண்டலின் செய்தார். 1898இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. பிறகு அவர் பெயரில் 1902இல் தொடங்கிய கம்பெனியில் லாய்ட் லோர் என்பவர் சேர்ந்து, 1922இல் எஃப்-5 என்ற மாண்டலின் வெளிவந்தது. அவர் 1924இன் கடைசியில் விலகும்வரை அந்த வரிசைக் கருவிகளைத் தாமே சோதித்துத் தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டார். அமெரிக்க நாட்டுப்புற இசைக்கலைஞர் பில் மன்றோ பல பத்தாண்டுகள் வாசித்த எஃப்-5இல் உள்ள தேதி 1923 ஜூலை 9. சேகரிப்பவர்களுக்கு அந்தக் கையெழுத்து ஒரு தெய்வம். ஆனால் காகிதத்தைப் போலச் செய்துவிடலாம், கட்டுமானத்தை அவ்வளவு எளிதில் போலச் செய்ய முடியாது. பல் மருத்துவர் வைத்திருக்கும் சின்னக் கண்ணாடியும் விரல்நுனி அளவு விளக்கும் இருந்தால் போதும். எஃப்-5இன் மேல்பலகைக்கு அடியில் நீளவாக்கில் இரண்டு மரச்சட்டங்கள் ஓடும். அதற்கு முந்தைய, முட்டைவடிவத் துளை வைத்த கிப்ஸனில் குறுக்கே ஒரே ஒரு சட்டம். கழுத்து வளையாமலிருக்க உள்ளே வைக்கும் இரும்புக் கம்பியைத் தலைப்பகுதியில் மறைக்கும் சிறிய மூடி இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். 1920களின் தொடக்கத்துக்கு முந்தைய கிப்ஸனில் அது இருக்காது. 1915 என்று சொல்லிக்கொண்டு மூடியோடு ஒன்று வந்தால், ஒன்று வருடம் தப்பு, இல்லையென்றால் கழுத்து மாறியிருக்கிறது.

புகழ்பெற்றவற்றைவிட என் மனம் போவது, அந்த நாளில் யாரோ துணிந்து செய்து பார்த்துக் கைவிட்ட கருவிகளின் பக்கம். அலுமினிய மாண்டலினை உங்கள் வாசகர்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். 1886இல் ஹால், எரூ என்ற இருவர் தனித்தனியாகக் கண்டுபிடித்த முறையால், அதுவரை நகைபோல இருந்த அலுமினியம் மளமளவென்று மலிந்தது. அந்த உலோகத்தை வைத்து என்னவெல்லாம் செய்யலாம் என்று எல்லாரும் யோசித்த நேரத்தில், நீல் மெரில் என்பவர் 1890களில் நியூயார்க்கில் குடத்தை அலுமினியத்தில் செய்து மேலே மரப்பலகை வைத்தார். ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். மடியில் வைத்ததும் குளிர்ந்தது, வாசிக்க வாசிக்க உடம்புச் சூட்டுக்கு வந்தது. ஒலி நான் பயந்ததுபோலத் தகரமாக இல்லை. மெல்லிசான, சற்று நீண்டு நிற்கும் ஒலி. வாங்க முடியவில்லை என்ற வருத்தம் இன்னும் இருக்கிறது.

லார்சன் சகோதரர்கள் டயருக்காகச் செய்த யாழ் மாண்டலினும் அப்படித்தான். உடம்பின் ஒரு தோளிலிருந்து உள்ளீடற்ற ஒரு கை மேலே எழும்பி நிற்கும். பார்த்தவர்கள், மேல் கையில் இருந்த தந்திகள் தொலைந்துவிட்டன என்று நினைத்து ஆணி அடிக்கப் பார்ப்பார்கள். அதில் தந்தியே இருந்ததில்லை. உள்ளே காற்றுக்கு இடம் கூட்டுவதற்காக வைத்த கை அது. பாஸ்டனில் எலியாஸ் ஹவ் கம்பெனி விற்ற 'ஹவ்-ஓர்ம்' மாண்டலினின் மேல்பலகை நடுவில் நீளவாக்கில் மேடாக எழும்பியிருக்கும். ஈரத்தில் பலகை உப்பிவிட்டது என்று அதை அமுக்கித் தட்டையாக்க முயன்ற கதை ஒன்று எனக்குத் தெரியும். பலகை பிளந்துவிட்டது. அதே ஊர் வேகா கம்பெனியின் மாண்டலின்களில் சிலவற்றுக்கு முதுகின் நடுவே உருளையைப் பாதியாக வெட்டி வைத்ததுபோன்ற மேடு இருக்கும். அதுவும் கோளாறல்ல. வேறு யாரும் செய்யாத வடிவத்தைக் கண்டால் கெட்டுப்போனது என்று முடிவு கட்டுவதற்கு முன் நாலு பேரைக் கேளுங்கள். பாஞ்சோவைப் போலத் தோல் போர்த்திய வட்ட உடம்பு வைத்த மாண்டலின் வேறு கதை. பார்க்க விசித்திரமாக இருந்தாலும் அந்தக் காலத்தில் ஏராளமாகச் செய்தார்கள். அரிது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

பிற்காலத்தில் செய்த மாற்றமெல்லாம் சேதம் என்றும் நான் சொல்லவில்லை. யு. ஸ்ரீநிவாஸ் ஜோடித் தந்திகளை விட்டுவிட்டு ஐந்து ஒற்றைத் தந்திகளோடு மின்மாண்டலின் வாசித்தார். கமகம் பிடிக்க அது வழி செய்தது. நாளை ஒருவர் கையில் எட்டுக்குப் பதில் ஐந்து முறுக்காணியோடு ஒரு பழைய மின்மாண்டலின் கிடைத்தால், மூன்றைக் காணோம் என்று துளை போட வேண்டாம். அதை வாசித்தவரின் சங்கீதம் அந்த ஐந்தில் இருக்கிறது.

ஸ்க்ரூவைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும், எல்லாராலும் உடனே செய்யக்கூடிய சோதனை என்பதால். தலையில் கூட்டல் குறி வெட்டிய ஸ்டார் ஸ்க்ரூ 1930களில்தான் புழக்கத்துக்கு வந்தது. 1905ஆம் வருடக் கருவி என்கிறார்கள், முறுக்காணித் தகட்டில் ஸ்டார் ஸ்க்ரூ இருக்கிறது என்றால் அந்தத் தகட்டை யாரோ கழற்றியிருக்கிறார்கள். தகட்டைச் சுற்றி மரத்தில் பழைய தகட்டின் நிழல் வேறு அளவில் தெரிகிறதா என்று பாருங்கள், பழைய துளைகளை அடைத்த தடமும் அங்கேயே இருக்கும். ஊதாக்கதிர் விளக்கு கிடைத்தால் இருட்டில் காட்டிப் பாருங்கள். பழைய அரக்கு வார்னிஷ் ஆரஞ்சாக ஒளிரும். பின்னால் தொட்டுப் பூசிய இடம் திட்டாகத் தனித்து நிற்கும்.

சுத்தம் செய்வது பற்றிச் சொன்னேன். ஒன்றே ஒன்றை மட்டும் உடனே அகற்றச் சொல்வேன், அழுகும் செல்லுலாய்டை. பழைய மாண்டலின்களில் விரல் படும் தகடு ஆமையோடு போலத் தெரிந்தாலும் பெரும்பாலும் செல்லுலாய்டுதான். கற்பூரம் சேர்த்துச் செய்த பொருள், அதனால் பெட்டியைத் திறந்ததும் கற்பூரம் மணக்கும். என் கருவி ஒன்றின் பெட்டியில் ஒருநாள் மணம் மாறி மூக்கைக் குத்தியது. தகடு ஓரத்தில் பொடிந்து சர்க்கரைக் கற்கண்டு போல உதிர்ந்துகொண்டிருந்தது. அதற்கு நேர் மேலே இருந்த தந்திகள் துருவேறியிருந்தன, விரல்பலகையில் குறுக்கே பதித்த உலோக மெட்டுகளில் பக்கத்து நான்கு பச்சை பூத்திருந்தன. தள்ளியிருந்த மெட்டுகள் பளிச்சென்று இருந்தன. செல்லுலாய்டு சிதையும்போது அமிலப் புகை விடும், பெட்டிக்குள் பக்கத்தில் இருப்பதையெல்லாம் அரிக்கும், எளிதில் தீயும் பிடிக்கும். கழற்றிக் காகித உறையில் போட்டு, காற்றோட்டமான இடத்தில் மற்ற கருவிகளிலிருந்து தள்ளி வைத்தேன். எறியவில்லை. அதே அளவில் புதியது வெட்ட அதுதான் மாதிரி.

தகடு நிஜமாகவே ஆமையோடாகவும் தந்தமாகவும் இருந்துவிட்டால் வேறு கவலை. அழுங்காமையும் பிரேசில் ஈட்டிமரமும் சர்வதேச வனவுயிர் வணிக ஒப்பந்தத்தின் மிகக் கடுமையான பட்டியலில் இருக்கின்றன. எல்லை தாண்டி வாங்குவதற்கு முன் ஆவணம் கேளுங்கள்.

தந்தி விஷயத்தில் என் ஆசிரியரின் கருவிக்கு நடந்தது மற்றவர்களுக்கு நடக்க வேண்டாம். பழைய குடமுதுகு மாண்டலினின் கழுத்துக்குள் இரும்புக் கம்பி கிடையாது, பலகையும் மெல்லியது. இருப்பதிலேயே மெல்லிய தந்தியைக் கேட்டு வாங்குங்கள். பிளந்திருந்தால் வச்சிரப் பசை தெரிந்தவரிடம் மட்டும் கொடுங்கள். அது வெந்நீர்ச் சூட்டுக்கு இளகும், ஐம்பது வருடம் கழித்து இன்னொருவர் திறக்கலாம். இப்போதைய பிசின்களால் ஒட்டினால் அடுத்த முறை மரத்தை உடைத்துத்தான் திறக்க வேண்டியிருக்கும்.

தாங்கள் செய்ய வேண்டியது இரண்டு. படத்தின் கீழே வந்த வரிக்கு ஒரு திருத்தம் போடுங்கள். பந்துரியாவின் சொந்தக்காரரை இந்த வாரமே அழைத்துச் சொல்லுங்கள். பட்டறையில் ஏற்கெனவே கொடுத்திருந்தால், கழற்றிய ஒவ்வொன்றையும், ஸ்க்ரூ உட்பட, ஓர் உறையில் போட்டுத் தரச் சொல்லட்டும். அவருக்குச் சம்மதமென்றால் தங்கள் அலுவலகம் வழியாக எனக்கு ஒரு வரி எழுதட்டும். கண்ணாடியையும் விளக்கையும் எடுத்துக்கொண்டு நானே நேரில் வருகிறேன். பன்னிரண்டு தந்திகளும் இருக்கும்போதே அதை ஒருமுறை சுருதி கூட்டிக் கேட்க வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகி